அணி மாறி அணி மாறி ஆடும் ஐஸ் ஹொக்கி வீரருக்கு: ஒப்பந்தம் முதல் பருவ முடிவு வரை கவனிக்க வேண்டியவை

என் மகன் எட்டுப் பருவங்கள் தொழில்முறை ஐஸ் ஹொக்கி ஆடினான். அந்த எட்டுப் பருவங்களில் ஆறு அணிகளுக்கு ஆடினான், வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல்.இன் ஆட்டம் ஒன்றிலேனும் இறங்கியதில்லை. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பெயர்கள் சில நூறுதான். அவற்றுக்குக் கீழே, ஆண்டுக்கு ஓர் ஊர், சில ஆண்டுகளில் இரண்டு ஊர் என்று மாறி மாறி ஆடிச் சம்பளம் பெறும் வீரர்கள்தான் இந்தத் தொழிலில் பெரும்பான்மையினர். அப்படிப்பட்ட ஒரு வீரராகப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

அவன் ஆடினான், காகிதங்களை நான் பார்த்தேன். கனடாவின் ஸ்காபரோவில் கணக்கு வேலை செய்யும் எனக்கே முதல் மூன்று ஆண்டுகள் இந்தத் தொழிலின் கொடுக்கல் வாங்கல் பிடிபடவில்லை. அணி, லீக், முகவர், எல்லை அதிகாரி, இரண்டு நாட்டு வரித் திணைக்களங்கள் என்று ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டும் அறிந்திருந்தார்கள்; முழுவதையும் சேர்த்துச் சொல்லத் தமிழில் எனக்கு ஒருவர் கிடைக்கவில்லை. மகள் ஆடுகிறாள் என்றால், 2024இல் தொடங்கிய பி.டபிள்யூ.எச்.எல். பெண்கள் லீக்கின் நடைமுறைகள் வேறு. இங்கே ஆண்களுக்கான லீக்குகளைப் பற்றி மட்டுமே சொல்கிறேன்.

1. எந்தப் படியில் எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் எழுதிப் பாருங்கள்

உச்சியில் என்.எச்.எல்.; 32 அணிகள். அதற்கு அடுத்த படி ஏ.எச்.எல்.; அங்கும் 32 அணிகள், ஒவ்வொன்றும் ஓர் என்.எச்.எல். அணியோடு இணைந்தது. அதற்குக் கீழே ஈ.சி.எச்.எல்.; அதற்கும் கீழே எஸ்.பி.எச்.எல். போன்ற சிறிய லீக்குகள். 2025-26 பருவத்தில் என்.எச்.எல்.இன் குறைந்தபட்சச் சம்பளம் 775,000 அமெரிக்க டொலர். ஏ.எச்.எல்.இல் அது ஐம்பதாயிரத்துச் சொச்சம் டொலர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த படியைப் பாருங்கள். ஈ.சி.எச்.எல்.இல் சம்பளம் வாரக் கணக்கு; அண்மைய பருவங்களில் புதியவர் ஒருவரின் குறைந்தபட்சம் வாரத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம் டொலர். ஒட்டுமொத்த அணிக்கும் வாரச் சம்பள உச்சவரம்பு இருப்பதால், நன்றாக ஆடுகிறவருக்கும் நினைத்த தொகையைக் கேட்டு வாங்க முடியாது.

வாரம் 550 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 26 வாரங்கள். மொத்தம் 14,300 அமெரிக்க டொலர், அதுவும் வரிக்கு முன். பருவம் முடிந்ததும் சம்பளம் நின்றுவிடும். அமெரிக்க அணியிடம் வாங்கிய சம்பளம் கனடாவின் வேலையிழப்புக் காப்புறுதிக்குக் கணக்கில் வராததால், கோடையில் அந்தக் கொடுப்பனவையும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஏப்ரல் கடைசியில் வீடு வந்து சேருகிற பிள்ளைக்கு மே மாதமே ஒரு வேலை தேவை. என் மகன் நான்கு கோடைகாலம் சிறுவர் ஹொக்கி முகாம்களில் பயிற்சி கொடுத்தான். அந்த வேலைக்கு ஜனவரியிலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: ஈ.சி.எச்.எல். அணிகள் பருவம் முழுவதும் தளபாடம் போட்ட வீட்டை வாடகையின்றிக் கொடுக்கக் கடமைப்பட்டவை. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வீரர்கள் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்வார்கள். அதனால்தான் 14,300 டொலரில் ஒருவர் சாப்பிட்டு வாழ முடிகிறது.

அலெக்சாந்தர் பரோஸ் என்.எச்.எல்.ஆல் தெரிவு செய்யப்படாமல் ஈ.சி.எச்.எல்.இல் தொடங்கி, பின்னர் 900க்கும் மேற்பட்ட என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடியவர். பயிற்றுநர்கள் இவரை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அது உண்மையான கதை. ஆனால் உங்கள் குடும்பத்தின் வரவுசெலவுத் திட்டத்தை அந்தக் கதையின் மேல் கட்டாதீர்கள்.

2. ஜூனியர் முடியும் ஆண்டில் கல்விப் பணத்தைக் கணக்கெடுங்கள்

ஒன்ராறியோவில் ஓ.எச்.எல்., மேற்கே டபிள்யூ.எச்.எல்., கிழக்கே கியூபெக் லீக் ஆகிய மூன்று ஜூனியர் (இருபது வயது வரையிலான) லீக்குகளில் ஒன்றில் ஆடும் பிள்ளைக்கு, ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுப் பல்கலைக்கழகக் கல்விச் செலவு என்ற முறையில் உதவித்தொகை சேர்ந்துகொண்டே வரும். நான்கு பருவம் ஆடியவருக்கு நான்கு ஆண்டு. இது சிறிய தொகை அல்ல. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் படிப்பைத் தொடங்காவிட்டாலும், சில வகையான தொழில்முறை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டாலும் இந்த உரிமை கைவிட்டுப் போகும். காலக்கெடுவும் விதிவிலக்கும் லீக்குக்கு லீக் வேறு, பிள்ளை முதலில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தும் வேறு. அந்தப் பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். பதினாறு வயதில் கையெழுத்திட்ட காகிதத்தை இருபது வயதில் வீட்டில் யாரும் கண்டெடுக்க முடியாமல் தவிப்பதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் அணி அலுவலகத்திடம் பிரதி கேளுங்கள், "இன்ன லீக்கில் கையெழுத்திட்டால் கல்வி உதவி தொடருமா?" என்ற கேள்விக்குப் பதிலை மின்னஞ்சலில் பெறுங்கள்.

இன்னொரு வழியும் இப்போது திறந்திருக்கிறது. 2025 ஓகஸ்ட் 1 முதல், இந்த மூன்று ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களையும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் சேர்த்துக்கொள்ளலாம். முன்பு அது முடியாது. இருபது வயதில் ஏ.எச்.எல். அல்லது என்.எச்.எல். ஒப்பந்தம் கையில் இல்லாத பிள்ளை, பட்டத்தை முடித்துவிட்டு இருபத்துநான்கு வயதில் ஈ.சி.எச்.எல்.இல் நுழைவதுதான் நல்லது என்பது என் முடிந்த முடிபு. பல்கலைக்கழகப் பருவம் மார்ச்சில் முடியும். அதே மாதம் சிறு லீக் அணிகளுக்குக் காயம்பட்டவர்களுக்குப் பதிலாக ஆள் தேவைப்படும். அப்படி நுழைந்து ஐந்தாறு ஆட்டங்களில் ஆடிக் காட்டுகிறவருக்கு அடுத்த கோடையில் அழைப்பு வரும்.

3. கடவுச்சீட்டை முன்கூட்டியே சரிசெய்யுங்கள்

நம் குடும்பங்களில் இது தனிக் கவனம் வேண்டிய விடயம். உங்கள் மகன் கனடியக் குடியுரிமை பெற்றவரா, அல்லது நிரந்தர வதிவாளர் அட்டையோடு இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரா? கனடியக் குடிமகனாக இருந்தால், அமெரிக்காவில் விளையாட்டு வீரருக்கான பி-1ஏ (P-1A) அனுமதிக்குத் தூதரகத்தில் விசா முத்திரை தேவையில்லை. அணியின் விண்ணப்பம் ஒப்புதல் பெற்ற கடிதத்தோடு நேரே எல்லைக்குப் போகலாம். நிரந்தர வதிவாளர் என்றால், அதே ஒப்புதலுக்குப் பிறகு அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் நேர்முகம், முத்திரை, காத்திருப்பு என்று வாரங்கள் போகும். ஒக்டோபரில் ஆள் தேவைப்படும் அணி அவ்வளவு காலம் காத்திருக்காது. அடுத்த பெயருக்குப் போய்விடும்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆடும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. எனவே ஜூனியர் ஆடும் வயதிலேயே இதை முடித்துவிடுங்கள்.

ஜேர்மனியிலோ நோர்வேயிலோ டென்மார்க்கிலோ பிறந்து, பின்னர் பெற்றோருடன் ரொறன்ரோ வந்து சேர்ந்த பிள்ளைகள் நம்மிடையே பலர் உண்டு. அந்த நாட்டுக் குடியுரிமை இன்னும் கைவசம் இருக்குமானால் அதைக் காலாவதியாக விடாதீர்கள். ஐரோப்பிய லீக்குகள் பல வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கின்றன. அந்த நாட்டு வீரராகப் பதிவு செய்யக்கூடியவருக்குச் சந்தையில் மதிப்பு பல மடங்கு உயரும். பெரியப்பா பாரிஸில் இருக்கிறார், மாமி ஓஸ்லோவில் இருக்கிறார் என்பது தங்க இடம் தரும். விளையாட்டுப் பதிவுக்கு உதவாது.

4. முகவர்

என்.எச்.எல். ஒப்பந்தம் பேசும் முகவர், அந்த லீக்கின் வீரர் சங்கத்தில் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். கீழ்ப் படிகளிலும் ஐரோப்பாவிலும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. யாரும் முகவர் என்று சொல்லிக்கொள்ளலாம். சம்பளத்தில் ஒரு சிறு வீதத்தை, சம்பளம் வந்த பிறகு எடுப்பவர் முறையான முகவர். "பெயரைச் சுற்றுக்கு விட" முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். பணம் கட்டிச் சேரும் தெரிவு முகாம்களும் அப்படித்தான்: சில நூறு டொலர் கட்டணம், சொந்தச் செலவில் பயணம், விடுதி. அறுபது பேர் வந்து இருவருக்கு அழைப்புக் கிடைக்கலாம். ஒருவருக்கும் கிடைக்காமலும் போகலாம். என் மகன் ஒரு கோடையில் இப்படி இரண்டு முகாம்களுக்குப் போனான். இரண்டிலும் அணியின் இடங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன என்பதைப் பின்னரே அறிந்தோம்.

ஈ.சி.எச்.எல். படியில் முகவரைவிட, பழைய பயிற்றுநரின் ஒரு தொலைபேசி அழைப்புக்கே வலு அதிகம். அங்குள்ள தலைமைப் பயிற்றுநர்களே பெரும்பாலும் ஆட்களைத் தெரிவு செய்வார்கள்.

5. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க உங்களுக்கு நேரமிருந்தால், இதைப் படியுங்கள். கையெழுத்திடும் நிமிடம் வரைதான் வீரரின் கையில் பேரம் இருக்கிறது. பிறகு கேட்கும் எதுவும் சலுகையாகத்தான் வரும்.

முதலில் இது எந்த வகை ஒப்பந்தம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈ.சி.எச்.எல். நிலையான ஒப்பந்தம் என்றால், அது பருவம் முழுவதற்குமான உத்தரவாதம் இல்லை. அணி எந்த வாரமும் விடுவிக்கலாம். கோடையில் கையெழுத்திட்ட பலர் ஒக்டோபர் முகாமின் முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். ஆகவே முகாம் முடியும் வரை இங்கே பகுதிநேர வேலையையோ வாடகை அறையையோ விட்டுவிடாதீர்கள். இருவழி ஒப்பந்தம் என்றால் மேல் லீக்கில் ஒரு சம்பளம், கீழ் லீக்கில் இன்னொரு சம்பளம் எழுதப்பட்டிருக்கும். பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல், சிறிய எண்ணில் வாழ முடியுமா என்று பாருங்கள். பி.ரி.ஓ. என்று சொல்வது ஏ.எச்.எல்.இன் தற்காலிகச் சோதனை ஒப்பந்தம்: அதிகபட்சம் 25 ஆட்டங்கள், அதற்குரிய நாட்களுக்கு ஏ.எச்.எல். சம்பளம், பிறகு கீழே திரும்புதல்.

அடுத்து, இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வீடு எந்தத் தேதியிலிருந்து கிடைக்கும். முகாம் நாட்களில் எங்கே தங்குவது. விடுவிக்கப்பட்டால் எத்தனை நாளில் வெளியேற வேண்டும்? விசா விண்ணப்பக் கட்டணத்தையும் விரைவுச் சேவைக் கட்டணத்தையும் யார் கட்டுவார்? ஊருக்குப் போகும் பயணச் செலவு யாருடையது? பருவத்தில் எத்தனை மட்டைகள், எத்தனை சோடி ஸ்கேற் அணி கொடுக்கும்? உயர்தர மட்டை ஒன்று 300 கனடிய டொலருக்கு மேல், ஸ்கேற் ஆயிரத்துக்கும் மேல். வாரம் 550 வாங்குகிறவர் இவற்றைத் தன் கையால் வாங்க நேர்ந்தால் அந்த மாதம் கடனில்தான் முடியும். மருத்துவக் காப்புறுதி முகாமின் முதல் நாளிலிருந்தா, ஒப்பந்தம் பதிவாகும் நாளிலிருந்தா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம், ஏனெனில் நாம் இங்கே வாங்கும் பயணக் காப்புறுதிகள் பெரும்பாலும் தொழில்முறை விளையாட்டில் ஏற்படும் காயத்தை விலக்கியே எழுதப்பட்டிருக்கும்.

ஏ.எச்.எல்., ஈ.சி.எச்.எல். வீரர்களுக்குப் பி.எச்.பி.ஏ. என்ற தொழிற்சங்கம் உண்டு. ஒன்ராறியோவிலேயே அலுவலகம் இருக்கிறது. சந்தா சம்பளத்திலிருந்து கழிகிறது. ஆகவே ஒப்பந்தத்தில் புரியாத வரி இருந்தால் அவர்களைக் கேட்க உங்கள் மகனுக்கு முழு உரிமை உண்டு. நாங்கள் இதை மூன்றாம் ஆண்டில்தான் செய்தோம். முதல் ஆண்டே செய்திருக்க வேண்டும்.

அணியே இல்லாமற் போகும் ஆபத்தையும் எண்ணிப் பாருங்கள். 2024 ஏப்ரலில், பருவம் முடியும் முன்னரே, நியூஃபவுண்ட்லாந்து குரோலர்ஸ் அணியின் உறுப்புரிமையை ஈ.சி.எச்.எல். இரத்துச் செய்தது. அணியின் உரிமையாளர் யார், அரங்குக் குத்தகை எப்படி இருக்கிறது, சம்பளம் நேரத்துக்கு வருகிறதா என்பதைச் சென்ற ஆண்டு அங்கே ஆடிய இருவரிடமாவது தொலைபேசியில் கேளுங்கள். வீரர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

6. எல்லையைக் கடக்கும் நாள்

பி-1ஏ அனுமதிக்கான ஐ-129 விண்ணப்பத்தை அணிதான் போடும். ஒப்புதல் கிடைத்ததும் ஐ-797 என்ற அறிவிப்புக் கடிதம் வரும். விரைவுச் சேவைக்குப் பணம் கட்டினால் 15 வேலை நாட்களில் பதில். கட்டாவிட்டால் எவ்வளவு காலம் என்று யாரும் சொல்ல முடியாது. செப்டெம்பர் முதல் வாரத்தில், விண்ணப்பம் போய்விட்டதா என்று அணியிடம் கேளுங்கள்.

எங்கள் முதல் ஆண்டில், "எல்லாம் ஒப்புதல் ஆகிவிட்டது, வாருங்கள்" என்று அணி அலுவலகத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் ஒரு பற்றுச்சீட்டு எண் மட்டும் இருந்தது. அதை நம்பி, ஹொக்கிப் பையையும் மட்டைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு எல்லைப் பாலத்துக்குப் போனோம். அதிகாரி மரியாதையாகவே கடிதத்தைக் கேட்டார். கைத்தொலைபேசியில் இருந்த எண்ணைக் காட்டினோம். உள்ளே அழைத்து இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, அந்தக் கடிதம் இல்லாமல் விட முடியாது என்று திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரி. நாங்கள் ஆற்றுக்கு இப்புறம் வந்து ஒரு கோப்பிக் கடையில் மாலை வரை உட்கார்ந்திருந்தோம். அணி கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பியதும் நூலகத்தில் அச்சிட்டு, மறுநாள் காலையில் மறுபடி போனோம். முகாமின் முதல் பயிற்சி நாள் போய்விட்டது. இருபத்தைந்து பேர் இருபது இடத்துக்குப் போட்டியிடும் முகாமில் முதல் நாளைத் தவறவிட்ட பிள்ளையின் முகத்தை நான் மறக்கவில்லை.

ஆகவே கையில் இருக்க வேண்டியவை: செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, ஐ-797 கடிதம், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதி, அணி அலுவலகத்தில் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்கக்கூடிய ஒருவரின் எண். உள்ளே போன அன்றே ஐ-94 என்ற நுழைவுப் பதிவை இணையத்திலிருந்து இறக்கி, பெயரும் காலாவதித் தேதியும் சரியா என்று பாருங்கள். நம் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறிப் பதிவாவது வழக்கம். அதை அப்போதே திருத்தாவிட்டால் சமூகப் பாதுகாப்பு எண்ணும் வங்கிக் கணக்கும் அடுத்தடுத்துத் தடைப்படும்.

மனைவி உடன் போனால் அவருக்குப் பி-4 நிலை கிடைக்கும். அதில் அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி இல்லை. திருமணப் பேச்சின்போதே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

காரை எடுத்துச் செல்வதானால், எத்தனை மாதம் அமெரிக்காவில் நிற்கும் என்பதை ஒன்ராறியோ வாகனக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் நிறுத்திவைத்தால், விபத்து நடந்த அன்றுதான் பிரச்சினை தெரியவரும்.

7. கைமாற்றம், விடுவிப்பு, மேலே அழைப்பு

என்.எச்.எல்.இலேயே 12 அணிகளுக்கு ஆடிய மைக் சிலிஞ்சர் போன்றோர் இருக்கும் தொழில் இது. கீழ்ப் படிகளில் மாற்றம் இன்னும் வேகம். காலையில் பயிற்சி, மதியம் பயிற்றுநரின் அறைக்கு அழைப்பு, இரவு வேறு மாநிலம். அந்த அழைப்பு வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது என்பதால், மூன்று நிலைகளையும் முன்பே பிரித்து அறிந்திருங்கள்.

கைமாற்றம்: வேறு அணிக்கு மாற்றப்பட்டால், பி-1 வீரரின் வேலை அனுமதி தானாக 30 நாட்கள் தொடரும், அதற்குள் புதிய அணி புதிய ஐ-129 விண்ணப்பத்தைப் போட வேண்டும். புதிய ஊருக்குப் போன முதல் நாளே, அந்த 30ஆம் நாள் எந்தத் தேதி என்று நாட்காட்டியில் குறித்து, விண்ணப்பப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். போக மறுத்தால் அணி வீரரை இடைநிறுத்தலாம். உரிமை அவர்களிடமே இருக்கும், சம்பளம் வராது, வேறு அணியிலும் ஆட முடியாது. கோபத்தில் வீட்டுக்கு வந்துவிடும் பிள்ளைகள் இந்தப் பொறியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

விடுவிப்பு: மேலே சொன்ன 30 நாள் சலுகை கைமாற்றத்துக்கு உரியது, விடுவிக்கப்பட்டவருக்கு அது தானாக வராது. புதிய அணி கிடைத்தால் விண்ணப்பம் முதலில், ஆட்டம் பிறகு. பலருக்கும் தெரியாத ஓர் உரிமை இங்கே உண்டு: பி நிலையில் இருப்பவர் தானாக விலகாமல் அணியால் நிறுத்தப்பட்டால், அமெரிக்காவுக்கு வரும் முன் கடைசியாக வசித்த இடத்துக்குத் திரும்பும் நியாயமான பயணச் செலவை அணி கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குடிவரவு விதி. "நானே விலகுகிறேன்" என்று எழுதித் தரச் சொன்னால், அந்தக் காகிதத்தில் கையெழுத்திடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

மேலே அழைப்பு: ஏ.எச்.எல். அணிக்கு ஆள் குறைந்தால் இரவு பத்து மணிக்கு அழைப்பு வரும், காலை ஐந்து மணிக்கு விமானம். இதற்கென்று நாங்கள் ஒரு கோப்புறை வைத்திருந்தோம். முதல் ஆண்டு அது ஹொக்கிப் பையின் பக்கவாட்டு உறையில் இருந்தது. அந்தப் பைக்குள் இருப்பவை ஒருபோதும் முழுதாகக் காய்வதில்லை. டிசெம்பரில் திறந்தபோது ஒப்பந்தத்தின் ஓரங்கள் ஊதி, மை ஊறி, முத்திரை பக்கத்துத் தாளில் பதிந்திருந்தது. அதன்பின் எல்லாவற்றையும் உறைவிப்பானுக்கு வாங்கும் தடித்த சிப் பையில் போட்டு, ஆட்டத்துக்கு அணிந்துபோகும் கோட்டின் உள்ளே வைக்கச் சொன்னேன். ஆட்ட நாளில் கோட்டு அணிந்தே அரங்குக்குப் போக வேண்டும் என்பதால், அதை மட்டும் எவரும் மறப்பதில்லை.

இன்னொரு கணக்கையும் நீங்களே வைத்திருங்கள்: ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. பருவத் தொடக்கத்தில் 260 தொழில்முறை ஆட்டங்களைக் கடந்தவரை ஈ.சி.எச்.எல். "மூத்தவர்" என்று வகைப்படுத்துகிறது. ஓர் அணியில் அப்படி நால்வருக்கு மேல் இருக்க முடியாது, கோல் காப்பாளருக்கு மட்டும் விலக்கு. ஏ.எச்.எல்.இலும் இதே 260ஐ ஒட்டிய வரம்பு உண்டு. பருவத்துக்கு 72 ஆட்டங்கள் என்றால், நான்காம் பருவம் முடியும்போது உங்கள் மகன் அந்த வரம்பைத் தாண்டியிருப்பார். அதுவரை அவரோடு போட்டியிட்டவர்கள் பலர். அதன்பின் ஓர் அணியில் நான்கே இடம். ஆட்டத்திறன் குறையாமலே வேலை போவது இந்த இடத்தில்தான். மூன்றாம் பருவத்தின் நடுவிலேயே ஐரோப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

8. ஐரோப்பா

பிரித்தானியாவின் ஈ.ஐ.எச்.எல்.இல் பத்து அணிகள், ஈ.சி.எச்.எல்.இலிருந்து போகிறவர்களுக்கு மொழிச் சிக்கல் இல்லாத நுழைவாயில் அது. ஜேர்மனியின் டி.ஈ.எல்.இல் 14 அணிகள், சம்பளம் கூடுதல், நுழைவது கடினம். அங்கே முகாம்கள் ஓகஸ்டிலேயே தொடங்கும். அதனால் மே, ஜூன் மாதங்களில் ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும். ஜூலையில் தேடத் தொடங்குகிறவருக்கு மிச்சம்மீதிதான் கிடைக்கும்.

ஐரோப்பிய ஒப்பந்தத்தில் சம்பளம் பெரும்பாலும் வரி போக மாத எண்ணாக எழுதப்படும்; வீடும் சில வேளைகளில் காரும் சேரும். "வரி போக" என்று எழுதியிருந்தால், அணி வரியைக் கட்டியதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் கனடாவில் வரிச் சலுகை கோர முடியாது. முதல் சில வாரங்களைச் சோதனைக் காலம் என்று குறிப்பிடும் பிரிவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சிறிய லீக்குகளில் சம்பளம் இரண்டு மாதம் பிந்துவதும் நடக்கிறது. எத்தனை நாள் பிந்தினால் வீரர் விலகலாம் என்பதை எழுதச் சொல்லுங்கள்.

ஒரு நாட்டுச் சம்மேளனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனத்தின் இடமாற்ற அட்டை தேவை. இரண்டு நாட்டுச் சம்மேளனங்களும் ஒப்புதல் தர வேண்டும்; அது வரும்வரை வீரர் பயிற்சி மட்டுமே செய்யலாம். பிரித்தானியாவுக்கு இதோடு விளையாட்டு நிர்வாக அமைப்பின் பரிந்துரையும், விளையாட்டு வீரர் விசாவும் வேண்டும்.

பிரித்தானிய அணிகள் சில, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு இடமும் கட்டண உதவியும் சேர்த்துத் தருகின்றன. என் மகன் கடைசி இரண்டு பருவங்களை அப்படித்தான் முடித்தான். வேறோர் அணி மாதம் சில நூறு பவுண் கூடுதலாகத் தருவதாகச் சொன்னபோதும் படிப்பைத்தான் தெரிவு செய்தோம். இன்று அவன் செய்யும் வேலை அந்தப் பட்டத்தால் கிடைத்தது.

9. வரியும் ஓஹிப்பும்

ஒரே ஆண்டில் மூன்று அணிகளுக்கு ஆடினால், ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவங்கள் மூன்று வரும். அணிகள் அவற்றை ஜனவரி 31க்குள் அனுப்ப வேண்டும், ஆனால் விடுவித்த வீரரின் பழைய முகவரிக்குத்தான் அனுப்புவார்கள்; ஒவ்வோர் அணியிடமும் உங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அமெரிக்க வரிக்கு ஏப்ரல் 15, கனடாவுக்கு ஏப்ரல் 30. இரண்டும் வெற்றிக்கிண்ணச் சுற்றின் நடுவில் வருவதால், பெப்ரவரியிலேயே வேலையை முடியுங்கள். ஃபுளோரிடா, டெக்சஸ், நெவாடா மாநிலங்களில் மாநில வருமான வரி இல்லை என்று அணிகள் பெருமையாகச் சொல்லும். கனடாவில் வதிவாளராக இருப்பவர் உலக வருமானம் முழுவதையும் இங்கே காட்டி, அங்கே கட்டிய வரியைக் கழிக்கிறார். அங்கே மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியை இங்கே கட்ட வேண்டி வரலாம்.

ஓஹிப் என்ற ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி தொடர, எந்த 12 மாதத்திலும் 153 நாட்கள் ஒன்ராறியோவில் இருக்க வேண்டும். அமெரிக்கப் பருவம் என்றால் இது மயிரிழையில் தேறும். ஐரோப்பியப் பருவம் என்றால் தேறாது. வேலைக்காக வெளியே போவோருக்கு நீட்டிப்பு உண்டு, ஆனால் போகும் முன் ஒப்பந்தத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

10. காயமும் பருவத்தின் கடைசி நாளும்

ஐந்தாம் பருவத்தின் பெப்ரவரியில் என் மகனின் வலது தோள், அரங்கின் ஓரத் தடுப்புப் பலகையில் மோதியது. ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு ஆடினான். ஆள் குறைவு என்று பயிற்றுநர் கேட்டார், அவனும் மறுக்கவில்லை. பருவம் முடிந்த மறுநாள் அணி மருத்துவர் எல்லோரையும் வரிசையாகப் பார்த்தார், ஆளுக்கு ஐந்து நிமிடம். "ஏதாவது வலி?" என்ற கேள்விக்கு "பரவாயில்லை" என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு வந்துவிட்டான். ஜூனில் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. அறுவைச் சிகிச்சை ஓஹிப்பில் நடந்தது; ஐந்து மாத இயன்முறைச் சிகிச்சை எங்கள் செலவு, அமர்வுக்கு நூறு டொலரை ஒட்டி, வாரம் இரு முறை. அணியிடம் கேட்டபோது, ஆரோக்கியமாக வெளியேறினேன் என்று அவனே கையெழுத்திட்ட அந்தப் படிவத்தைத்தான் அனுப்பிவைத்தார்கள்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், ஆட்டத்தில் ஏற்படும் காயம் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்துக்குள் வருகிறது. ஆனால் காயம் பதிவாகியிருக்க வேண்டும். அறிவிக்கும் காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எனவே அடிபட்ட அன்றே அணியின் உடற்பயிற்சி உதவியாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள்: தேதி, எந்த ஆட்டம், எந்த இடம், எந்தப் பக்கம். தலையில் அடி என்றால், அன்றிரவு நினைவில் எது இருந்தது எது இல்லை என்பதையும் அறையில் உடனிருப்பவர் எழுதி வைக்கட்டும். வாய்ச்சொல்லாகச் சொன்னது பதிவாகாது.

வெளியேறும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் முன், பருவம் முழுவதும் வலித்த ஒவ்வோர் இடத்தையும், சிறியது பெரியது பாராமல், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். முழங்கால், மணிக்கட்டு, உடைந்த பல் உட்பட. மருத்துவர் படிவத்தில் அவை எல்லாம் ஏறும் வரை கையெழுத்து வேண்டாம். ஏறிய பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, அங்கேயே நின்று உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். அது உங்கள் கைக்கு வந்து, எழுத்துத் தெளிவாக இருக்கிறது என்று நீங்கள் பதில் அனுப்பிய பிறகு பையைக் காரில் ஏற்றினால் போதும்.